27 அவுட்டும் ஒரு கடிகாரமும்



விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். பேஸ்பால் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் முகத்தில் ஓடிய கவலையை நான் கவனிக்காமல் இல்லை. கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்த ஊரில் போய் பேஸ்பாலா? ஆமாம், பேஸ்பால்தான். காரணம் இருக்கிறது. ஓர் ஆட்டம் மந்தமாகிவிட்டது, பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று வையுங்கள். விதியை மாற்றி அதை விறுவிறுப்பாக்கலாமா? மாற்றலாம் என்றால் எதை மாற்றலாம்? எதில் கை வைக்கக் கூடாது? இந்தக் கேள்வியோடு அமெரிக்க பேஸ்பால் நூற்றைம்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. செய்யாத சோதனை இல்லை, படாத அவமானம் இல்லை. அதுதான் இன்றைய பேச்சு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பிட்சர் ஒரு சிறு மேட்டின் மேல் நின்று எறிகிறார். 60 அடி 6 அங்குலம் தள்ளி பேட்டர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருக்கிறார். அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்த பந்தைச் சும்மா விட்டாலும் ஸ்ட்ரைக், மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ‘பால்’ என்று பெயர். நான்கு ‘பால்’ ஆனால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம். மூன்று பேஸ்களையும் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். மூன்று அவுட் ஆனால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். அப்படியென்றால் ஓர் அணியை முடித்துவைக்க எத்தனை அவுட் வேண்டும்? 27. இந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பத் திரும்ப வரும்.

இனி உங்களை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறேன்.

2023 பிப்ரவரி 25. புளோரிடா மாநிலத்தில் நார்த் போர்ட் என்ற ஊர். பருவம் தொடங்குவதற்கு முன் நடக்கிற பயிற்சி ஆட்டம். அட்லாண்டா பிரேவ்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதுகின்றன. ஸ்கோர் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். இரண்டு அவுட் ஆகிவிட்டது. மட்டையோடு நிற்பவர் கால் கான்லி, பிரேவ்ஸின் இளம் வீரர். அவர் கணக்கில் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரு பால் என்றால் பிரேவ்ஸுக்கு வெற்றி. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் என்றால் அவ்வளவுதான். பேஸ்பாலில் இதைவிட நெருக்கடியான கட்டம் கிடையாது.

அம்பயர் திடீரென்று குறுக்கே வந்தார். பந்தை யாரும் எறியவே இல்லை. பிட்சர்தான் தாமதித்துவிட்டார், நமக்கு நான்காவது பால் கிடைத்துவிட்டது என்று நினைத்து, கான்லி முதல் பேஸை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார். அம்பயர் கொடுத்த தீர்ப்போ வேறு. தாமதம் பேட்டருடையது. அந்த வருடம் மைதானத்தில் புதிதாக மாட்டிய கடிகாரத்தில் எட்டு வினாடி மிச்சமிருக்கும்போதே மட்டையைப் பிடித்துக்கொண்டு, பிட்சரைப் பார்த்துத் தயாராக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆகவே ஸ்ட்ரைக். மூன்றாவது ஸ்ட்ரைக். அவுட். ஆட்டம் சமனில் முடிந்தது. பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள்.

விறுவிறுப்புக்காகக் கொண்டுவந்த விதி, விறுவிறுப்பின் உச்சத்திலேயே ஆட்டத்தை முடித்துவிட்டது. ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே விதியை அந்த வருடம் முடிவதற்குள் பெரும்பாலான ரசிகர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முதலில் முணுமுணுத்த ஆட்டக்காரர்களில் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். எப்படி நடந்தது இது?

நோய் என்ன என்று முதலில் பார்ப்போம். 1984ல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்று சராசரியாக 2 மணி 35 நிமிடத்தில் முடிந்தது. 2021ல் 3 மணி 10 நிமிடம். 35 நிமிடம் கூடியிருக்கிறது. அந்த 35 நிமிடத்தில் ரசிகனுக்கு என்ன கூடுதலாகக் கிடைத்தது? இன்னிங்ஸ் கூடியதா? இல்லை. அவுட் கூடியதா? அதே 27தான். விளம்பர இடைவேளைக்குக் கொஞ்சம் போனது. பிட்சரை மாற்றி மாற்றி இறக்கியதில் கொஞ்சம் போனது. மிச்சம்? சும்மா நின்றார்கள், நண்பர்களே. சும்மா நின்றார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2013ல் சில ஆட்டங்களை எடுத்துவைத்து வினாடிக் கணக்கில் அளந்து பார்த்தது. மூன்று மணி நேர ஆட்டத்தில் உண்மையாகவே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்த நேரம் சுமார் 18 நிமிடம்.

இந்தச் சும்மா நிற்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் உண்டு. 1970களில் மைக் ஹார்க்ரோவ் என்று ஒரு பேட்டர் இருந்தார். நல்ல பேட்டர், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கட்டத்தை விட்டு வெளியே வருவார். கையுறையின் கட்டை விரலைப் பிடித்து இழுத்துச் சரிசெய்வார். ஹெல்மெட்டை அழுத்துவார். சட்டைக் கையைத் தூக்கிவிடுவார். கால்சட்டையை இழுத்துவிடுவார். மட்டையை வீசிப் பார்ப்பார். உள்ளே வருவார். அடுத்த பந்து முடிந்ததும் மறுபடியும் கையுறை, மறுபடியும் ஹெல்மெட், மறுபடியும் கால்சட்டை. மழை வந்து ஆட்டம் நின்றதற்கும் இவர் மட்டை பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்று, ‘மனித மழைத் தடங்கல்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காலத்தில் அவர் ஒருவர்தான் வேடிக்கை. 2010களில் அணிக்கு அணி ஹார்க்ரோவ்கள்.

இதற்கு விதி இல்லாமலா இருந்தது? அதுதான் கூத்து. பேஸில் ஆள் இல்லாதபோது பிட்சர் 12 வினாடிக்குள் எறிய வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். அதை யாரும் சீந்தவில்லை. புத்தகத்தில் இருக்கிற விதியை மைதானத்தில் சுவர்க் கடிகாரமாக மாட்டியதுதான் 2023ல் செய்த காரியம். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 வினாடி, ஆள் இருந்தால் 20 வினாடி. அந்த 20ஐ அடுத்த வருடம் 18 ஆக்கினார்கள். பிட்சர் தாமதித்தால் பேட்டருக்கு ஒரு பால் இனாம். பேட்டர் தாமதித்தால் அவர் தலையில் ஒரு ஸ்ட்ரைக்.

பலன்? 2022ல் 3 மணி 4 நிமிடமாக இருந்த சராசரி, 2023ல் 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஒரே வருடத்தில் 24 நிமிடம். பார்வையாளர் எண்ணிக்கை 2017க்குப் பிறகு முதல் முறையாக 7 கோடியைத் தாண்டியது. இதில் ஒரு சில்லறைத் தகராறும் வந்தது. ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுவதால் பீர் விற்பனை அடிபடுகிறது என்று சில அணிகள், ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்துகிற விற்பனையை எட்டாவது இன்னிங்ஸ் வரை நீட்டின. குடித்துவிட்டு உடனே வண்டி ஓட்டிப் போவார்களே என்று ஒரு பிட்சரே பகிரங்கமாகக் கேட்டார். விதியை எழுதியவர்கள் பீரைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டில் ஆட்டம் நீளம் என்றபோது என்ன செய்தோம்? ஓவரை வெட்டினோம். ஐந்து நாள், பிறகு ஒரு நாள், 2003ல் இங்கிலாந்தில் 20 ஓவர். வெட்ட வெட்ட ஆட்டமே வேறு ஆட்டமாகிவிட்டது. நல்லதா கெட்டதா என்பது இன்றைய பேச்சில்லை. பேஸ்பாலில் இன்னிங்ஸை வெட்டவில்லை. கொரோனா காலத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தால் ஏழு ஏழு இன்னிங்ஸ் என்று வைத்துப் பார்த்தார்கள். பிறகு அதையும் கைவிட்டார்கள். 27 அவுட்டில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. ஹார்க்ரோவின் கையுறையை மட்டும் வெட்டினார்கள்.

பழைய ரசிகர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். கடிகாரம் இல்லாத ஆட்டம் என்பதுதானே பேஸ்பாலின் பெருமை? அதில் போய்க் கடிகாரத்தை மாட்டலாமா? கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெருமைக்கு என்ன அர்த்தம்? கால்பந்தில் ஒரு கோல் முன்னால் இருக்கிற அணி, கடைசிப் பத்து நிமிடம் பந்தை மூலையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடலாம். பேஸ்பாலில் அது நடக்காது. பத்து ரன் முன்னால் இருந்தாலும், எதிரணிக்கு அதன் 27வது அவுட் வரை மட்டை பிடிக்க வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கடைசி அவுட் விழும்வரை ஆட்டம் யாருக்கும் சொந்தமில்லை. பெருமை அதுதான். 15 வினாடிக் கடிகாரம் அதைத் தொட்டதா? தொடவில்லை. கடிகாரம் பிட்சரின் தலைமேல் இருக்கிறது, ஆட்டத்தின் தலைமேல் இல்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். விதியை மாற்றுவது ஏதோ இன்றைய தொலைக்காட்சிக்காரர்களின் கைங்கரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பேஸ்பாலை இன்று பார்த்தால் நமக்கு அடையாளமே தெரியாது. பிட்சர் கையைக் கீழிருந்து வீசித்தான் எறிய வேண்டும். உயரமாக எறி, தாழ்வாக எறி என்று பேட்டர் கேட்டு வாங்கலாம். இந்தச் சலுகை 1887ல்தான் ஒழிந்தது. நான்கு பாலுக்கு நடக்கலாம் என்றேனே, 1879ல் அது ஒன்பது பால். எட்டானது, ஏழானது, ஏறி இறங்கி 1889ல்தான் நான்கில் நின்றது. பிட்சர் தோளுக்கு மேல் கையைச் சுழற்றி எறியலாம் என்று 1884ல் விட்டார்கள். விட்டதும் என்ன ஆயிற்று? பந்தின் வேகம் பேட்டர்களின் கண்ணுக்கு எட்டவில்லை. கடைசியில் பிட்சரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 1893ல் அவர் கால் வைக்க வேண்டிய இடம் சுமார் ஐந்து அடி பின்னால் போய் 60 அடி 6 அங்குலத்தில் நின்றது. நேஷனல் லீகில் 1892ல் ஆயிரம் முறைக்கு 245 முறை அடித்துப் பேஸைப் பிடித்த, அதாவது ஹிட் அடித்த, பேட்டர்கள், 1894ல் 309 அடித்தார்கள். அந்த 60 அடி 6 அங்குலம் இன்றுவரை அசையவில்லை.

பிட்சர் என்பவர் தோற்றுப் போனால் சும்மா இருக்கிற ஆளா? எச்சில் தடவினார். புகையிலைச் சாறு தடவினார். மண்ணில் தேய்த்தார். அழுக்கேறிக் கறுத்த பந்து மாலை வெளிச்சத்தில் எங்கே வருகிறது என்றே தெரியாது. 1920ல் எச்சில் பந்துக்குத் தடை போட்டார்கள். அதையே பிழைப்பாக வைத்திருந்த 17 பேருக்கு மட்டும் விலக்கு. அவர்களில் கடைசி ஆளான பர்லீ கிரைம்ஸ் 1934 வரை சட்டப்படி எச்சில் தடவிக்கொண்டிருந்தார். அந்த 1920 ஆகஸ்டில்தான் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மன், கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகு பந்து அழுக்கானால் உடனே மாற்று என்பதில் அம்பயர்கள் கண்டிப்பானார்கள். வெள்ளைப் பந்து, கண்ணுக்குத் தெரிகிற பந்து. அந்த வருடம் பேப் ரூத் என்ற மனிதர் 54 ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டும் அடி, அடித்தார். அதற்கு முந்தைய வருடம் அவரே 29தான்.

பிறகு 1968. பிட்சர்களின் வருடம் என்று இன்றும் சொல்கிறார்கள். செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.12 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்தார். டெட்ராய்ட்டின் டென்னி மெக்லைன் 31 ஆட்டம் வென்றார். அமெரிக்கன் லீகின் முதல் பேட்டர் என்ற பட்டத்தை கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வாங்கினார், எவ்வளவுக்கு? ஆயிரம் முறைக்கு 301 ஹிட்டுக்கு! முதலிடமே அப்படி என்றால் மற்றவர்கள் கதியைப் பாருங்கள். லீக் என்ன செய்தது? பேட்டருக்கு வலுவான மட்டையைக் கொடுக்கவில்லை. பிட்சர் நின்ற மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகச் சீவியது. ஸ்ட்ரைக் எல்லையைச் சுருக்கியது. ஐந்து அங்குல மண், அவ்வளவுதான். அடுத்த வருடமே ஓர் அணியின் சராசரி ரன் 3.42லிருந்து 4.07க்கு ஏறியது.

இந்தக் கதைகளை ஏன் சொல்கிறேன்? ஒவ்வொரு முறையும் நடந்தது ஒரே விஷயம். கெட்டிக்காரன் ஒருவன் விதியில் ஒரு பொந்தைக் கண்டுபிடிக்கிறான். எல்லாரும் அதில் போய்ப் பதுங்குகிறார்கள். ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. விதியை மாற்றி அந்தப் பொந்தை அடைக்கிறார்கள். நல்ல திருத்தம் எல்லாமே பொந்தை அடைத்த திருத்தம்தான். இதுதான் என் கட்சி. இதை விட்டு இன்று நான் இறங்கப் போவதில்லை.

நம் காலத்தின் பொந்து எது? கணினி. இடக்கை பேட்டர்களில் பலர் தரையோடு அடிக்கிற பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் போகிறது என்று கணக்குச் சொன்னது. உடனே உள்வட்டக் காப்பாளர்கள் நாலு பேரில் மூன்று பேரை வலப்பக்கம் குவித்தார்கள். 1946ல் டெட் வில்லியம்ஸ் என்ற மேதையை மடக்க கிளீவ்லாந்தின் லூ பூட்ரோ செய்த பழைய தந்திரம்தான். அன்று அது ஒரு மேதைக்குச் செய்த மரியாதை. கணினி வந்த பிறகு எட்டாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தவனுக்கும் அதே வியூகம். கணீரென்று அடித்த பந்து, புல்லில் விழ வேண்டிய பந்து, அங்கே காத்து நின்றவன் கையில் போய் விழுந்தது. பேட்டர் என்ன செய்வான்? தரையில் அடித்தால் பிடிக்கிறார்கள், ஆகவே வானத்தில் அடிப்போம் என்று தூக்கித் தூக்கி அடித்தான். பட்டால் ஹோம் ரன், படாவிட்டால் ஸ்ட்ரைக் அவுட். 2018ல், வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு பருவத்தில் விழுந்த ஹிட்டுகளைவிட ஸ்ட்ரைக் அவுட்கள் அதிகமாயின. ஒன்பது பேர் மைதானத்தில் நிற்கிறார்கள். பந்து அவர்களிடம் வருவதே இல்லை.

இந்தக் கணினி யுகத்தின் நாயகர்களில் ஒருவர் தியோ எப்ஸ்டைன். 86 வருடம் காத்திருந்த பாஸ்டனுக்கு 2004ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 108 வருடம் காத்திருந்த சிகாகோ கப்ஸுக்கு 2016ல் வாங்கிக் கொடுத்தவர். அவரே 2020ல் சிகாகோவை விட்டு விலகும்போது, எங்களைப் போன்றவர்கள் கணக்குப் போட்டுப் போட்டு இந்த ஆட்டத்தின் அழகைக் கெடுத்துவிட்டோம் என்ற பொருளில் மனம்விட்டுப் பேசினார். அடுத்த ஜனவரியில் லீக் அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டது. பொந்தைத் தோண்டியவனுக்குத்தானே அது எத்தனை ஆழம் என்று தெரியும்!

கடிகாரத்தோடு 2023ல் மேலும் இரண்டு மாற்றங்கள் வந்தன. உள்வட்டக் காப்பாளர்கள் இரண்டாவது பேஸுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் நிற்க வேண்டும், புல்வெளிக்குப் போகக் கூடாது என்றார்கள். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பேஸ் என்கிற அந்தச் சதுர மெத்தையின் பக்கத்தை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் ஆக்கினார்கள். முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் இடையே நாலரை அங்குலம் குறைந்தது. நாலரை அங்குலம் ஒரு தூரமா? பிட்சர் எறிகிற நேரத்தில் அடுத்த பேஸுக்குப் பறக்கிறவனைக் கேளுங்கள். விரல் நுனி மெத்தையைத் தொட்டதா, அதற்கு முன் கையுறை முதுகைத் தொட்டதா என்பதே அவன் வாழ்க்கை. கூடவே பிட்சர் ஓட்டக்காரனை மிரட்டப் பேஸுக்கு எறிந்துகொண்டே இருந்ததற்கும் கட்டுப்பாடு வந்தது: ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். மூன்றாவது முறை எறிந்து ஆளைப் பிடிக்காவிட்டால் ஓட்டக்காரன் இனாமாக அடுத்த பேஸுக்குப் போவான். 2022ல் 2,486 பேஸ் திருட்டு. 2023ல் 3,503. அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யா அந்த வருடம் 41 ஹோம் ரன்னும் அடித்தார், 73 பேஸும் திருடினார். ஓடுகிறவன் திரும்பி வந்துவிட்டான். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

சரி, இனி மறுபக்கம். பொந்தை அடைக்காமல், மேலே தோரணம் கட்டி விறுவிறுப்பு வரவழைக்கப் பார்த்தவர்களும் உண்டு. ஓக்லாந்து அணியின் முதலாளி சார்லி ஃபின்லி ஆரஞ்சு நிறப் பந்தைக் கொண்டுவந்தார்; 1973ல் காட்சி ஆட்டத்தோடு அது சரி. அடுத்த வருடம் ஹெர்ப் வாஷிங்டன் என்ற குறுந்தூர ஓட்டப் பந்தய வீரரை, ஓடுவதற்கென்றே அணியில் சேர்த்தார். 105 ஆட்டத்தில் இறங்கினார். ஒரு முறைகூட மட்டையைத் தொடவில்லை. 1974 உலகத் தொடரில், ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் பேஸில் நிறுத்தினார்கள். எதிரணிப் பிட்சர் மைக் மார்ஷல் திரும்பி ஓர் எறி எறிந்தார்; ஓட்டக்காரர் ஓடாமலே அவுட்!

இன்று ஜார்ஜியாவில் சவானா பனானாஸ் என்ற குழு மஞ்சள் உடுப்பில் ஆடுகிறது. இரண்டு மணி நேரம்தான் ஆட்டம். இன்னிங்ஸை வெல்கிற அணிக்கு ஒரு புள்ளி. பார்வையாளர் கூட்டத்தில் விழுகிற பந்தை ரசிகர் பிடித்தாலும் அவுட். பெரிய பெரிய அரங்கங்கள் நிரம்பி வழிகின்றன. பார்க்கப் படு குஷி. அது ஒரு திருவிழா; நாம் சண்டைக்குப் போக வேண்டாம்.

சண்டை எனக்கு வேறொருவரோடு. இரண்டாவது பேஸில் நிற்கிற ஆவியோடு! 2020லிருந்து, ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால், பத்தாவதிலிருந்து ஒவ்வொரு பாதியும் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தியே தொடங்குகிறது. அவன் அடித்தானா? இல்லை. ஓடினானா? இல்லை. எந்தப் பிட்சரையும் வென்று அங்கே வரவில்லை. 2023ல் இதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆட்டம் விடிய விடிய இழுக்குமே என்கிறார்கள். இழுத்தது உண்டு. 1981 ஏப்ரலில் ரோட் ஐலந்து மாநிலத்தின் பாடக்கெட் நகரில், ரோசெஸ்டர் அணியோடு நடந்த சிறு லீக் ஆட்டம் அதிகாலை 4:07 வரை போனது, 32 இன்னிங்ஸ். குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். நிறுத்தியபோது அரங்கில் மிஞ்சியிருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூனில் திரும்ப வந்து ஒரே இன்னிங்ஸில் முடித்தார்கள். சிறு லீகில், வாரத்துக்கு ஆறு ஆட்டம் ஆடுகிற பையன்களை அப்படி வதைக்க வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த ஆவி அவ்வளவு நல்ல ஆவி என்றால், அக்டோபரில் கோப்பைக்கான ஆட்டங்களில் மட்டும் ஏன் அதை உள்ளே விடுவதில்லை?

விடாததால் என்ன கிடைத்தது பாருங்கள். 2025 அக்டோபர் 27, லாஸ் ஏஞ்சலஸ். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். டாட்ஜர்ஸும் டொரன்டோவும். 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஒட்டானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார். அவருக்கு எறியவே பயந்து வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். டாட்ஜர்ஸிடம் பிட்சர்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர் வில் க்ளைன், அதுவரை பலருக்குப் பெயரே தெரியாத ஆள். நான்கு இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ரன் விடவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் ஓர் ஆட்டம் முழுவதையும் தனியாக எறிந்து முடித்திருந்த யமமோட்டோ, வேறு வழியில்லை என்று எழுந்து தோளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அப்போது டாட்ஜர்ஸின் ஃபிரெடி ஃபிரீமன் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. 6-5. பத்தாவது இன்னிங்ஸில் ஓர் ஆவியை நிறுத்தியிருந்தால், வில் க்ளைனை உலகம் பார்த்திருக்குமா?

2024ல் லீக் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் ஒரு பேட்டியில் இன்னொரு யோசனையைப் போகிறபோக்கில் சொன்னார். ஆட்டத்தில் ஒரு முறை, யார் முறையாக இருந்தாலும், அணி தன் சிறந்த பேட்டரை இறக்கிக்கொள்ளலாமாம். தங்க வாய்ப்பு என்று பெயர். எதிர்ப்பு கிளம்பியதும் அடங்கிவிட்டது, அடங்கியே இருக்கட்டும். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒன்பதாவது பேட்டர், கை நடுங்குகிறவர், வந்து நின்றாக வேண்டும். அதுதான் ஆட்டம். அங்கே நட்சத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது சினிமா.

இயந்திர அம்பயர் பற்றியும் கேட்பீர்கள். கொரியாவில் 2024லிருந்து ஸ்ட்ரைக், பால் எல்லாவற்றையும் கேமராவே சொல்கிறது. அமெரிக்கா கொஞ்சம் நிதானித்து, 2026 பருவத்துக்கு ஒரு நடுவழியை எடுத்தது. தீர்ப்பு மனித அம்பயருடையதே; அணிக்கு இரண்டு முறையீடு; பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டிக் காட்டினால் கேமரா பார்க்கும். முறையீடு சரியென்றால் வாய்ப்புக் கழியாது. எனக்கு இது சம்மதம். எல்லைக்கு ஓரமாக வந்த பந்தைக் கையுறையால் மெல்ல உள்ளே இழுத்து, ஸ்ட்ரைக் போலக் காட்டுகிற கேட்சரின் கள்ளத்தனம் பாதியாவது பிழைக்கட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். கடிகாரத்தால் பிட்சர்களின் கை கெடுகிறது என்று ஆட்டக்காரர் சங்கம் குரல் கொடுத்தது. லீக் மறுத்தது, அதிவேகத்தைத் துரத்துவதுதான் காரணம் என்று 2024 டிசம்பரில் ஓர் அறிக்கையும் வெளியிட்டது. லீக் சொல்வதில் எனக்கு உடன்பாடு. உடன்பட்ட பிறகு அதே லீகைக் கேட்கிறேன்: அந்தத் துரத்தலுக்கு இடம் கொடுத்தது யார்? 26 பேர் அணியில் 13 பிட்சர்களை வைத்துக்கொள்ள அனுமதி. ஐந்தாவது இன்னிங்ஸில் களைத்தால் அடுத்தவன், அவன் களைத்தால் இன்னொருவன். ஒவ்வொருவனும் தன் ஒரு இன்னிங்ஸில் உயிரைக் கொடுத்து எறிகிறான். 1968ல் பாப் கிப்சன் ஒருவரே 28 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை தானே எறிந்து முடித்தார். 2024ல் 30 அணிகளும் சேர்ந்து அப்படி முடித்த ஆட்டங்கள் 30ஐ எட்டவில்லை.

13ஐ 11 ஆக்குங்கள் என்கிறேன். பிட்சர்கள் குறைந்தால், இருக்கிறவன் ஏழு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்க வேண்டும். தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பந்தையும் நூறு மைல் வேகத்தில் எறிய முடியாது. மிச்சம் பிடித்து எறிவான், ஏமாற்றி எறிவான். பேட்டரின் மட்டையில் பந்து படும். மைதானத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் வேலை வரும். அட்லாண்டிக் லீக் என்ற வேறொரு லீகில் இதற்குப் பக்கத்தில் ஒன்றை 2021ல் சோதித்தும் பார்த்தார்கள்: தொடக்கப் பிட்சரை வெளியே எடுத்தால், பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கிறவரையும் அணி இழந்துவிடும். அதையாவது எடுங்கள். அணி நிர்வாகங்கள் முனகும். கைகள் கெடும் என்று பயம் காட்டும். 1893ல் பிட்சரை ஐந்து அடி பின்னுக்குத் தள்ளியபோதும் முனகியிருப்பார்கள்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் மேடைக்கு அருகே வரலாம். ஆவியின் பக்கம் பேச யாராவது இருந்தால் அவர்கள் முதலில் வரட்டும்.